மழையில் தெருப் படம் எடுத்தால் மழையே தெரிவதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (தருமபுரியில் இருந்து)

வணக்கம். மூன்று வாரமாக, சாயங்காலம் மழை பிடித்தால் நாலு ரோட்டில் இருந்து பேருந்து நிலையம் வரை நடந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு சாதாரண போன், மாமா கொடுத்த பழைய கேனான் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அவ்வளவுதான். நேரில் கொட்டுகிற மழை படத்தில் காணாமல் போகிறது. வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது, ரோடு சாம்பலாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நேற்று பூ விற்கிற ஒரு அம்மா கூடையைப் பாலிதீன் தாளால் மூடி, தலையில் ஈரத் துண்டோடு ஒரு கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார். சட்டென்று எடுத்துவிட்டேன். "ஏன் கண்ணு, நனையறதைப் போயா படம் புடிக்கற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை, படத்தை அழித்துவிட்டேன். எப்படி எடுப்பது, எடுக்கலாமா, இரண்டையுமே கேட்கிறேன்.

பதில் (கிருஷ்ணகிரி, பழையபேட்டை)

தம்பி, முதலில் வானத்தை விட்டுவிடுங்கள். வெள்ளை வானத்துக்கு எதிரே வெள்ளைத் துளி எப்படித் தெரியும்? புளியமரம், இருட்டான கடை உட்புறம், மேம்பாலத்தின் அடிப்பக்கம் என்று பின்னால் ஏதாவது கறுப்பாக இருக்க வேண்டும், வெளிச்சம் எதிரில் இருந்து வர வேண்டும். ராயக்கோட்டை மேம்பாலம் பக்கம் பஸ் ஹெட்லைட் திரும்புகிற அந்த இரண்டு நொடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னும். ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழுகிற நேரத்தை, 1/60, 1/125 நொடி என்று வைத்தால் மழை கோடாக விழும், 1/500ஐ விட வேகமாகப் போனால் துளி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், கொட்டுகிற வேகம் அதில்தான் தெரிகிறது.

போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால் அந்தச் சேர்ப்பிலேயே மழை கரைந்துபோகும். ஃபிளாஷும் வேண்டாம், லென்ஸுக்குப் பக்கத்தில் விழுகிற துளியெல்லாம் வெள்ளை உருண்டையாக வந்து நிற்கும்.

அப்புறம், நடக்காதீர்கள். ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். நம் பக்கம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் சாயங்கால இடிமழைதான். விட்டதும் கடை விளக்கு எரியும், ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தக் கால் மணி நேரம் போதும். நான் மூன்று வருடமாக ஒரே தாழ்வாரத்தில்தான் நிற்கிறேன், இன்னும் தீரவில்லை.

பதில் (பாலக்கோடு)

டவுன் பஸ் ஜன்னல் ஓர சீட்டை மறக்காதீர்கள். ஆவி படிந்த கண்ணாடியில் குழந்தைகள் விரலால் கோடு போடும், அந்தக் கோடு வழியாக வெளியே குடை போகும். ஃபோகஸைத் துளியில் வைத்தால் ஒரு படம், தெருவில் வைத்தால் வேறு படம். நியூயார்க்கில் சால் லைட்டர் என்ற புகைப்படக்காரர் பல வருடம் தன் வீட்டைச் சுற்றிய தெருக்களிலேயே, ஈரக் கண்ணாடி வழியாகவும் கலர் படங்கள் எடுத்தார். தூரம் போக வேண்டியதில்லை.

லென்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஈரத்தோடு பையில் போட்டு ஜிப்பை மூடி ஒரு வாரம் மறந்துவிட்டேன், உள்ளே நூல் மாதிரி பூஞ்சை. சரிசெய்யக் கேட்ட தொகைக்குக் கூடக் கொஞ்சம் போட்டால் செகண்ட்ஹேண்டில் இன்னொன்று வாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, காற்றோட்டமாக வையுங்கள், பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். அரிசி வேண்டாம், மாவுத்தூள் போகும். ஐபி68 (தண்ணீர் புகாமல் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருக்கும் போனையும் நம்பி நனைக்காதீர்கள், அது புதுப் போனை நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது, கீழே விழுந்து வருடமான போனுக்கு அந்தக் காப்பு இருக்காது.

பதில் (ஊத்தங்கரை)

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது எங்கள் ஊரில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வேடிக்கை பார்த்துப் படம் எடுத்தவர்களும் இருந்தார்கள், சாமான் தூக்கிவிட்டு அப்புறம் எடுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டாமவர்கள் எடுத்ததைத்தான் இன்றும் எங்கள் வீட்டில் எடுத்துப் பார்க்கிறோம். நனைந்து துணி ஒட்டியிருக்கிற பெண்களை எடுக்கவே எடுக்காதீர்கள், எவ்வளவு நல்ல வெளிச்சமாக இருந்தாலும் சரி. வியாபாரம் கெட்டு உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் பேசுங்கள். கேட்டால் அந்த இயல்பு போய்விடும் என்பார்கள். ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றால் அது தானாகத் திரும்பி வரும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி அண்ணா. இன்று மழை விட்டதும் போய் அந்த அம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கினேன், அழித்ததைச் சொன்னேன். "அழிச்சிட்டியா, சரி இரு" என்று பாலிதீனை உதறி மடித்து வைத்தார், நனைந்த காம்புகளை ஒதுக்கிவிட்டு நாரை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். பின்னால் கடை இருட்டு, பக்கவாட்டில் பஸ் வெளிச்சம், கூரை விளிம்பில் இருந்து சொட்டுகிற தண்ணீர் கோடாக வந்திருக்கிறது. ஷட்டர் 1/80. படத்தில் ஒரு காப்பி வேண்டும் என்றார் அந்த அம்மா. நாலு ரோடு பக்கம் 4x6 அளவில் நல்ல மேட் பிரிண்ட் போடுகிற கடை யாருக்காவது தெரியுமா?