பீட்டிலுக்குச் சின்ன முன் டயர்: முள் ஏன் கூடக் காட்டுகிறது?

வண்டுப்பிரியன்: கலிபோர்னியாவில் 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருக்கிறேன். நான்கிலும் 165/80 ஆர்15 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80%, ரிம் 15 அங்குலம்) இருந்தது. மூக்கு தாழ்ந்து நிற்கட்டும் என்று முன்னால் 145/65 ஆர்15, பின்னால் 195/65 ஆர்15 போட்டேன். இப்போது ஸ்பீடோமீட்டர் முள் 60 மைலில் நிற்கும்போது கைபேசி ஜிபிஎஸ் 53 காட்டுகிறது. பின் டயரைப் பெரிதாக்கியதால்தானே?

பழைய ஸ்பேனர்: இல்லை தம்பி. பின் டயரில் அகலம்தான் கூடியிருக்கிறது. விட்டம் 645 மி.மீ.யிலிருந்து 634.5 ஆகக் குறைந்திருக்கிறது. அதோடு, இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டருக்கும் பின் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இடது முன் சக்கரத்தின் நடுவில் உள்ள கிரீஸ் மூடியைப் பாருங்கள். சதுர ஓட்டையில் கேபிளின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சின்னப் பூட்டு ஊசி ஒன்று மாட்டியிருக்கும். மூடி சுற்றினால் கேபிள் சுற்றும், அவ்வளவுதான். முன் டயரின் விட்டம் இப்போது 569.5. அதை 645ஆல் வகுத்தால் 0.883. 60ஐ அதால் பெருக்குங்கள், உங்கள் 53 வந்துவிடும்.

நெடுஞ்சாலை: அதனால் என்ன கெட்டுப்போச்சு? முள் கூடக் காட்டினால் அபராதத்தில் சிக்க மாட்டார். குறைத்துக் காட்டினால்தான் வம்பு. பழைய கார் வைத்திருப்பதே அழகுக்குத்தானே.

பழைய ஸ்பேனர்: ஓடோமீட்டரும் அதே கேபிளில்தான் ஓடுகிறது. அது 10,000 மைல் கூட்டும்போது வண்டி நிஜமாக ஓடியது 8,830. விற்கும்போது ஓடாத மைலுக்கும் விலை குறையும். கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும் கார் என்றால் சின்னப் பல்சக்கரத்தை மாற்றிப் பார்க்கலாம். இதில் மாற்ற அந்தப் பல்சக்கரமே இல்லை. சரி, அதை விடுங்கள். பின்னால் இருப்பது கம்பெனி ரிம்மா?

வண்டுப்பிரியன்: ஆமாம், 4 அங்குலம்.

பழைய ஸ்பேனர்: நினைத்தேன். 195/65க்குக் குறைந்தது 5.5 அங்குல ரிம் வேண்டும். 4 அங்குலத்தில் ஏற்றினால் பக்கச்சுவர் பலூன் மாதிரி உப்பி, வளைவில் அலையும். போதாததற்கு 67 மாடலில் ஸ்விங் ஆக்சில், அதாவது பின் சக்கரம் அச்சோடு சேர்ந்தே மேலும் கீழும் சாயும். வேகமாகத் திரும்பினால் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். முள் பொய் சொன்னால் மனசால் கழித்துக்கொள்ளலாம், இதைக் கழிக்க முடியாது.

நெடுஞ்சாலை: கடைக்காரர் மாட்டித்தானே கொடுத்தார்? நானும் இப்படி இரண்டு வருஷம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஸ்பேனர்: அது உங்கள் டயரின் பெருந்தன்மை. வண்டுப்பிரியன், 5 போல்ட், அந்த போல்ட் ஓட்டைகள் அமையும் 205 மி.மீ. வட்டத்துக்கு அகல ரிம் கிடைக்கும். ஆஃப்செட்டை (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவை) பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் டயர் ஃபெண்டரில் உரசும்.

வண்டுப்பிரியன்: டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, முன் சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி அளந்தேன்: 1.74 மீட்டர். பழைய சக்கரத்தை மாட்டி உருட்டினால் 1.97. அண்ணன் கணக்கேதான். பின் டயரை நாளைக்கே கழற்றுகிறேன். முன்னால் உள்ளது இருக்கட்டும், அந்த அழகை விட மனசில்லை. முள்ளுக்குப் பக்கத்தில் "60 என்றால் 53" என்று சீட்டு ஒட்டிவிட்டேன்.

நெடுஞ்சாலை: அப்படிச் சொல்லுங்க!

பழைய ஸ்பேனர்: விற்கும்போது அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள் தம்பி.