உலகப் பார்வைப் பயிற்சி முடிந்தது. திங்கட்கிழமை வகுப்பில் என்ன செய்வது?

பல்லடம் வாத்தியார்:

திருப்பூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 19 வருடமாயிற்று. போன மாதம் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைப்பு, ‘கற்பித்தலில் உலகளாவிய பார்வை’. முதல் நாள் திரையில் இருந்ததை ஒருவர் வாசித்தார், நாங்களும் அவரோடு சேர்ந்து வாசித்தோம். இரண்டாம் நாள் குழுவுக்கு ஒரு நாடு, சார்ட், ஸ்கெட்ச் பேனா. எங்களுக்கு ஜப்பான் வந்தது. சுமோ வீரரை நான்தான் வரைந்தேன். மண்பானைக்குக் கைகால் முளைத்தது போல வந்துவிட்டது. சான்றிதழ் மட்டும் நல்ல கெட்டி அட்டை.

திங்கட்கிழமை அந்தச் சார்ட்டை வகுப்பில் விரித்தேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “சார், அந்த ஊரில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்களா? எல்லோரும் விசிறியும் கையுமாக நிற்கிறார்களே?” என்று கேட்டான். சார்ட்டைச் சுருட்டிவிட்டேன்.

அதே வாரம் ஒரு மாணவி, அம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட லேபிள்களை ஒரு கவர் நிறையக் கொண்டுவந்தாள். ஒரு லேபிளில் எட்டு மொழி. ‘Hecho en India’ என்பது ஸ்பானிஷ், ‘இந்தியாவில் தயாரானது’ என்று அர்த்தம் என்று பள்ளிக் கணினி அறையில் தேடி மாணவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் நடந்தது இரண்டு நாள் பயிற்சியில் நடக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன்.

இதற்கு உண்மையிலேயே பயன்படும் பயிற்சி எது? வெளிநாட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது வீண் வேலையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:

சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். காலாண்டுக்குள் பாடம் முடிய வேண்டும், எமிஸில் (கல்வித்துறையின் இணையப் பதிவேடு) பதிவு செய்ய வேண்டும், தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். இதில் உலகப் பார்வைக்கு எந்தப் பீரியடை ஒதுக்குவது?

கரும்பலகை (ஓய்வு):

சாக்பீஸ் தம்பி, தனிப் பீரியடே வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொருளியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ ஒரு பாடம், தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் இன்னொரு பாடம். இரண்டையும் சேர்த்து எடுத்தால் பல்லடத்தாரின் லேபிள் நடுவில் தானாக வந்து உட்காரும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களுக்கு நான் முதலில் கொடுத்தது ஒரு பட்டர் பேப்பரும் பள்ளியில் தூசி படிந்து கிடந்த உலக உருண்டையும்தான். உருண்டையில் கிரீன்லாந்தை வரைந்து, வெட்டி, இந்தியாவின் மேல் வைக்கச் சொல்வேன். சுவர்ப்படத்தில் ஆப்பிரிக்கா அளவுக்குப் பூதமாகத் தெரிகிற கிரீன்லாந்து இந்தியாவை விடச் சிறியதாகிவிடும். அது சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், நாம் 32.87 லட்சம், ஆப்பிரிக்காவோ 3 கோடிக்கும் மேல். அந்தச் சுவர்ப்படம், 1569-இல் மெர்க்கேட்டர் என்ற வரைபடக்காரர் கப்பலோட்டிகளுக்காகப் போட்ட முறை. திசை தவறாமல் இருக்க, பரப்பைப் பலி கொடுத்தார். முப்பது வருடம் புவியியல் எடுத்த ஓர் அம்மையார் வெட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆசிரியரே ஒருமுறை இப்படி ஏமாந்து பார்க்காத பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆறு வாரம்:

நான் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் ஆசிரியர் திட்டத்தில் ஆறு வாரம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து வந்தவள். விண்ணப்பிக்கலாம் சார், வீண் வேலை இல்லை. ஆனால் அங்கே நடந்த வகுப்புகளை விட, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் போய் உட்கார்ந்த நாட்கள்தான் எனக்கு இன்றும் சோறு போடுகின்றன.

முதல் நாள் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொங்கல், பரதநாட்டியம், தஞ்சைப் பெரிய கோயில் என்று படம் படமாகக் காட்டினேன். முடிந்ததும் ஒரு சிறுமி, “உங்கள் மாணவர்கள் பள்ளிக்கு எதில் வருவார்கள்?” என்று கேட்டாள். என்னிடம் அதற்கு ஒரு படம்கூட இல்லை. நீங்கள் ஜப்பானுக்குச் செய்ததை நான் என் ஊருக்கே செய்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன். கேப்மைண்டர் என்ற அறக்கட்டளை நடத்தும் ‘டாலர் ஸ்ட்ரீட்’ தளத்தைப் பாருங்கள், இலவசம். பல நாட்டு வீடுகளின் அடுப்பு, பல் துலக்கும் பிரஷ், படுக்கை, கழிப்பறை என்று படம் எடுத்து, மாத வருமான வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். நாட்டின் பெயரை மறைத்துவிட்டு எந்த நாட்டு அடுப்பு என்று கேளுங்கள். நாட்டுக்கு ஒரு சார்ட் வரைந்தவர்கள் எல்லோரும் தோற்பார்கள், நானும் தோற்றேன்.

கொழுந்து:

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் படிப்பிக்கிறேன். லேபிள் கதையை வாசித்ததும் எழுதத் தோன்றியது, ஏனெனில் எங்கள் பிள்ளைகளின் தாய்மார் பறிக்கும் தேயிலையும் இப்படித்தான் போகிறது. இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869-இல் இலை நோய் வந்து அது அழியத் தொடங்கியது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி விளைத்த பிரேசிலையும் தேயிலை வாங்கிய லண்டனையும் சேர்க்காமல் எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கதையையே சொல்ல முடியாது.

இன்னொன்று, சேர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரைப் பற்றி இரு நாடும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியிலும் அதைச் சுற்றியும் நிறையப் பேர். அவர்களின் பேரப்பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?

விருப்பமென்றால் இரு வகுப்புகளும் கடிதம் எழுதிக்கொள்ளட்டும். மொழிபெயர்ப்பும் வேண்டாம். நேரில் பேசுவதென்றாலும் இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

பல்லடம் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

கரும்பலகை ஐயா சொன்னபடி இரண்டு பாடத்தையும் சேர்த்தேன். தையலிலும் செக்கிங்கிலும் வேலை செய்யும் பெற்றோரிடம் கேட்டு, ஒரு டி-ஷர்ட் எத்தனை கை மாறுகிறது என்று எழுதிவரச் சொன்னேன். நூலில் தொடங்கி நிட்டிங், டையிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் வரை பலகை நிரம்பிவிட்டது. டையிங்குக்கு வந்ததும் ஒரு பையன், சாயத் தண்ணீர் பாய்ந்து கெட்டுப்போன நொய்யல் கரைத் தோட்டம் தன் தாத்தாவுடையது என்றான். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட செய்தியை எடுத்துக் காட்டினேன். அப்போது, அதே பட்டறையில்தான் அப்பா வேலை பார்த்தார் என்றாள் இன்னொரு பெண். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். லேபிள் கொண்டுவந்த மாணவி மட்டும் கேட்டாள்: “சார், இந்தச் சட்டையை அங்கே எவ்வளவுக்கு விற்பார்கள்? அதில் எங்கள் அம்மாவுக்கு எவ்வளவு?” பீஸ் ரேட்டை, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் கூலியை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லத் தயங்குகிறார்கள்.

கொழுந்து டீச்சர், நீங்கள் கேட்டதைக் கேட்டேன். ஒரு பையனின் பாட்டிக்குச் சொந்த ஊர் இலங்கையில் பண்டாரவளையாம். 19 வருடத்தில் நான் ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. கடிதத்தை அவன்தான் முதலில் எழுதுவேன் என்கிறான், பாட்டி சொல்லச் சொல்ல. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். தபாலிலேயே அனுப்புகிறோம், தபால்தலை ஒட்ட வேண்டும் என்று வகுப்பே அடம்பிடிக்கிறது.