பழைய மினி டிராக்டரின் கியர் பாக்ஸ் சத்தம்: பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் தோப்பு ஆனைமலைப் பக்கம். தென்னை வரிசைக்குள் பெரிய டிராக்டர் திரும்ப முடியாது என்பதால், அப்பா பழையதாக வாங்கிப் போட்ட 18 குதிரைத்திறன் மினி டிராக்டர்தான் எல்லா வேலைக்கும். தோப்புக்குள் ரோட்டவேட்டர், காய் ஏற்ற டிரெய்லர், அப்புறம் ஆழியாற்றுத் தண்ணீர் வந்ததும் நெல் வயலில் கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு. கியர் பாக்ஸில் லேசாகக் கேட்ட உறுமல், ஒரு போகம் முடிவதற்குள் தோப்பின் மறுகோடி வரை கேட்கும் அளவுக்கு ஏறிவிட்டது. பாரம் இழுக்கும்போது இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், திறந்து பார்க்காமலே முழு கியர் செட்டையும் மாற்றச் சொன்னார்கள். இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. எங்கள் பக்கத்தில் பவர் டில்லர் வேலை பார்த்துப் பழகிய வயதான மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை.

"நியூட்ரல்ல போட்டு ஓட விடுங்க தம்பி. இப்ப கிளட்சை மிதிங்க. விடுங்க. திரும்ப மிதிங்க."

மிதித்தால் சத்தம் நிற்கிறது, விட்டால் வருகிறது. அவர் சொன்ன கணக்கு இது. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், மிதித்ததும் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். விட்டதும் நியூட்ரலிலேயே வந்தால் இன்ஜின் சுற்றை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டும், அதை மற்றக் கியர்களுக்குக் கடத்தும் லே ஷாஃப்டும் உட்கார்ந்திருக்கும் பேரிங்குகள். ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் பல். எந்தக் கியரில் போட்டாலும், வண்டி ஓடும் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் பின்னால் சக்கரங்களுக்குச் சுற்றைத் திருப்பிவிடும் கிரவுனும் பினியனும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் கியர் பாக்ஸைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஆயிலை இறக்கினோம். பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அந்தப் பசை எந்தப் பழைய வண்டியிலும் இருப்பதுதான். அதை விரலில் தேய்த்தபோது நடுவே அரிசிக் குருணை அளவில் இரும்புச் சில்லு தட்டுப்பட்டது. அது இருக்கக் கூடாது.

வண்டியைக் கட்டைகள் முட்டுக் கொடுத்து நடுவில் பிரித்தோம். லே ஷாஃப்டின் முன் பேரிங்கைக் கழற்றித் துடைத்துவிட்டு, பந்து ஓடும் பாதையில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் குழிகளில் தட்டித் தட்டி நின்றது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். எங்கள் வண்டியில் லே ஷாஃப்ட் இருப்பதும் அடியில்தான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த நாட்களில் அங்கே துரு பிடித்து, ஓட்டும்போது குழியாகப் பெயர்ந்திருக்கிறது. பேரிங் ஆடத் தொடங்கியதும் ஷாஃப்ட் விலகி, இரண்டாவது கியரின் பற்கள் முழு அகலத்துக்குக் கடிக்காமல் ஓரத்தில் மட்டும் கடித்திருக்கின்றன. ஓரம் சரிந்து ஒரு பல்லின் முனையும் உடைந்திருந்தது. கியர் நழுவியதற்குக் காரணம் அதுதான். கூடவே, போட்ட கியரை நகராமல் பிடித்துவைக்கும் செலக்டர் ராடின் பால் (குண்டு) ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது.

எனவே மாற்றியது இவ்வளவுதான்: ஷாஃப்ட் பேரிங்குகள் எல்லாம், இரண்டாவது கியரும் அதோடு சேரும் ஜோடிக் கியரும், அந்த ஸ்பிரிங், சீல்கள். தேய்ந்த பல்லோடு புதுப் பல்லைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் ஜோடியாகத்தான் போட வேண்டும். பேரிங் வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் கேளுங்கள். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், 6206 என்றால் 30. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் பந்து வழியாகப் போய்ப் புதுப் பாதையிலேயே தழும்பு விழும். அவர் சுத்தியலே எடுக்கவில்லை. பேரிங்கை ஆயிலில் போட்டு மிதமாகச் சூடாக்கினார், கையால் தள்ளியதும் போய் உட்கார்ந்தது. மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரும் பழைய கனத்திலேயே இருக்க வேண்டும். கனம் மாறினால் ஷாஃப்டின் முன்பின் ஆட்டமும் மாறிவிடும்.

சத்தத்தை அடக்க 140 என்ற கெட்டியான கியர் ஆயிலை ஊற்றச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. எங்கள் வண்டியில் ஹைட்ராலிக்குக்கும் அதே ஆயில்தான். கெட்டியான ஆயில் போட்டால் லிஃப்ட் திணறும், பேரிங்கும் உள்ளே கெட்டுக்கொண்டேதான் இருக்கும். தயவுசெய்து வேண்டாம். கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றி, கொஞ்ச நாள் வேலைக்கு விட்டு, உள்ளே மிச்சமிருந்த தூளோடு அதையும் இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்பினோம்.

இப்போது ரிவர்ஸில் மட்டும் சன்னமாக ஊளை கேட்கிறது. நேர்ப்பல் கியரில் அது இயல்பு என்று விட்டுவிட்டோம்.

தண்ணீர் புகுந்த வழி பின் ஆக்சில் சீல்தான். சேற்றுழவில் ஆக்சில் மூழ்கி ஓடுகிறது, மண் போய்ச் சீலின் உதட்டைத் தின்றுவிடுகிறது. சீல் உட்காரும் இடத்தில் ஆக்சிலிலும் லேசான வரிப்பள்ளம் விழுந்திருக்கிறது. இப்போதைக்குப் புது சீலைக் கொஞ்சம் தள்ளி, பள்ளத்தின் மேல் படாமல் உட்கார வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் ஸ்லீவ் (பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறை) போட்டு ஓட்டியவர்கள் இருந்தால், சேற்றில் எத்தனை போகம் தாங்கியது என்று எழுதுங்கள். அடுத்த நடவுக்கு முன் முடிவு செய்ய வேண்டும்.