இலங்கை ஆடிய அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கொட்டாஞ்சேனையிலிருந்து

ஸ்கோர் விவரம் எல்லாருடைய போனிலும் கிடக்கிறது, அது எனக்கு வேண்டாம். இலங்கை அணியின் ஒருநாள் ஆட்டமோ இருபது20 ஆட்டமோ ஏதாவது ஒன்று. அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், அதை எழுதுங்கள். வென்ற ஆட்டம்தான் வேண்டும் என்றில்லை. நானே தோற்றதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம், எதிரில் இந்தியா. மகனுக்கு அப்போது பதினொரு வயது. மைதானத்துக்குள் அவன் கால் வைத்தது அன்றுதான். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனாலும் கதிர்காமத்துக்குப் பயணம் போகிற மாதிரி மிக்ஸர், தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு, கொடி என்று பை நிறையக் கட்டிக்கொண்டு போனோம். மழையால் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. முதல் ஓவரிலேயே பும்ரா குசல் பெரேராவை அனுப்பிவிட்டார். சரி, ஒன்றுதானே என்று இருந்தேன். மகன் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றான். கூட்டத்தை விலக்கிக் கூட்டிப் போய், அங்கே வரிசையில் நின்று, திரும்பிப் படியேறி வந்தால் பலகையில் 12 ஓட்டத்துக்கு 5 விக்கெட். சிராஜ் ஒரே ஓவரில் நான்கு பேரை எடுத்திருந்தார்.

“போர்ட் பழுதா அப்பா?” என்றான்.

எங்கள் இருக்கையைத் தேடி உட்காருவதற்குள் 12க்கு 6. கடைசியில் 50. இந்தியா 6.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தமே 129 பந்துதான். மிக்ஸர் பாதிகூடத் தீரவில்லை. பப்பரே வாத்தியக்காரர்கள் மட்டும் ஊதுவதை நிறுத்தவில்லை, காசு வாங்கியாயிற்று போலிருக்கிறது. பின்வரிசையில் ஒரு பெரியவர், “2000இல் ஷார்ஜாவில் நாங்கள் இவங்களை 54க்குச் சுருட்டினோம். வட்டியோட வாங்கிக்கொண்டு போறாங்கள்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

உங்கள் கதை?

*

தென்மராட்சியிலிருந்து

நீங்கள் மைதானம் என்கிறீர்கள். எங்களிடம் ரீவியே இல்லை. கரண்ட் இல்லை, பற்றரியும் இல்லை.

1996 மார்ச். அதற்கு ஐந்து மாதம் முன்னால் யுத்தத்தால் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிளம்பி வந்ததில் நாங்களும் வந்து, கொடிகாமத்தில் மாமா வீட்டு வளவில் இருந்தோம். அந்த ஒரு வளவுக்குள் ஏழு குடும்பம். எங்களுக்குக் கிடைத்தது மாட்டுக் கொட்டிலில் பாதி. மற்றப் பாதியில் மாடு.

பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான் என்பதால் ரேடியோ கேட்க ஒரே வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, மாமா எங்கேயோ தேடிப் பிடித்த டயோட்டுகள் வழியாக இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுப்போம். ஓர் ஆள் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டும், இன்னும் குறைந்தால் ஆளே போய்விடுவார். கூடிப்போனால் ரேடியோ எரிந்துவிடும் என்று மாமா வெருட்டி வைத்திருந்தார். ஓவருக்கு ஓர் ஆள் என்று முறை வைத்தோம். எனக்குப் பதினான்கு வயது.

லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம், ஆஸ்திரேலியாவோடு. கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கைக்கு வந்து ஆட மாட்டோம் என்று மறுத்த இரண்டு அணிகளில் ஒன்று அது. மற்றது மேற்கிந்தியா. வளவில் எல்லாருக்கும் ஒரே மனநிலை என்று சொல்ல மாட்டேன். பின்பக்கம் குடியிருந்த மாஸ்டர் ஒருவர் வந்து நின்று, “உங்களை வீட்டை விட்டுத் துரத்தின அரசாங்கத்தின்ர அணியடா அது” என்றார். மாமா திரும்பியும் பார்க்கவில்லை. “முரளி போட வாறான், கொஞ்சம் பேசாமல் இருங்கோ மாஸ்டர்.” மாஸ்டர் அங்கிருந்து போகவுமில்லை. முரளி 10 ஓவரும் போட்டு முடியும்வரை வேலிக் கதியாலைப் பிடித்தபடி நின்றார். மாமா அந்தப் பத்து ஓவருக்கும் பெடலை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியா 241. நாங்கள் துடுப்பெடுத்தபோது நல்ல இருட்டு. 23க்கு 2. ஜயசூரியவும் களுவிதாரணவும் போய்விட்டார்கள். அந்தத் தொடர் முழுக்க எல்லாரையும் விரட்டி விரட்டி அடித்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். பிறகு குருசிங்ஹவும் அரவிந்தவும் நின்றார்கள். இன்றைக்கு எத்தனையோ பேர் அரவிந்தவின் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். முதல் பாதியில் மூன்று விக்கெட், இரண்டு பிடி, அதற்கு மேல் ஆட்டமிழக்காமல் 107. நான் அதில் ஓர் அடியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் 107ம் எப்படி வந்தது என்று என் தோள்மூட்டுக்குத் தெரியும்.

சத்தம் போட்டால் சுற்றுகிறவனும் சேர்ந்து எழும்பிவிடுவான், வர்ணனை நின்றுபோகும். அதனால் சதத்துக்கு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். கொட்டிலில் மாடு மிரண்டு எழும்பி நின்றது.

47ஆவது ஓவர் என்னுடைய முறை. மெக்ராவின் பந்தை ரணதுங்க தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டார். பந்து போகிறது, போகிறது... அதற்குப் பிறகு வர்ணனையாளர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை விட்டுவிட்டேன். மாமா தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தானே குந்திச் சுற்றத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர், “தள்ளு, உனக்கு மூச்சு வாங்குது” என்று பெடலை வாங்கிக்கொண்டார்.

*

வெள்ளவத்தையிலிருந்து

கரண்ட் என்றதும் 2007 நினைவு வருகிறது. ஏப்ரல் 28, பார்படோஸில் உலகக் கிண்ண இறுதியாட்டம், மறுபடியும் ஆஸ்திரேலியா. நாங்கள் ஆறு பொடியன்கள் லொட்ஜ் ஒன்றின் வரவேற்பறையில் இருந்தோம். இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. மழையால் 38 ஓவராகச் சுருங்கிய ஆட்டம். கில்கிறிஸ்ட் கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 104 பந்தில் 149 அடித்துவிட்டார். ஆனாலும் ஜயசூரியவும் சங்கக்காரவும் விடாமல் துரத்த, எங்களுக்கு மெல்ல மெல்ல ஆசை வந்தது.

அப்போது பட்டென்று கரண்ட் போனது. முழுக் கொழும்பும் இருட்டு. வெளியே படபடவென்று சத்தம் கேட்க, “சனத் சிக்ஸ் அடிச்சிட்டார்டா, வெடி கொளுத்துறாங்கள்” என்று ஒருவன் கத்தினான். ஜன்னலால் பார்த்தால் வானத்தில் சிவப்பு சிவப்பாகக் கோடு. புலிகளின் விமானங்கள் எண்ணெய்க் குதங்களுக்குக் குண்டு போட வந்திருந்தன. கீழேயிருந்து சுடுகிறார்கள். சனத்தை எல்லாரும் மறந்துபோனோம். இருட்டுக்குள் ஆறு பேரும் செய்த முதல் வேலை, தலையணைக்கடியில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததுதான். விடிந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

லைட் திரும்ப வந்தபோது சனத்தும் இல்லை, சங்காவும் இல்லை. பார்படோஸிலும் இருட்டிவிட்டது. வென்றாயிற்று என்று ஆஸ்திரேலியர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடியபிறகு, இன்னும் மூன்று ஓவர் பாக்கி என்று நடுவர்கள் திருப்பிக் கூப்பிட்டார்கள். பந்து யார் கண்ணுக்கும் தெரியாத வெளிச்சத்தில் அந்த மூன்றையும் ஆடினார்கள். 53 ஓட்டத்தால் தோல்வி. ஒருவனும் திட்டவில்லை. சேர்ட்டைப் போட்டபடியே படுத்தோம்.

*

ஹட்டனிலிருந்து

மேலே முரளிக்காகப் பெடல் சுற்றிய மாமாவுக்கு என் கும்பிடு. எங்கள் தோட்டத்தில் அந்த மாதிரி ஆட்கள் லயத்துக்கு லயம் இருந்தார்கள்.

நான் சொல்வது 1999 ஜனவரி 23. அடிலெய்ட், இங்கிலாந்தோடு ஆட்டம். கடைவீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரீவி இருந்தது. அப்பாவும் நானும் ஆளுக்கொரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோம். முரளி போட்ட பந்து எறிபந்து என்று நடுவர் ரோஸ் எமர்சன் நோபோல் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிஸ்பேனில் கொடுத்தவரும் இவர்தான். ரணதுங்க நேரே போய் அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். பிறகு முழு அணியையும் எல்லைக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டார். ஆட்டம் நின்றுபோனது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: “நம்ம பையனுக்காகவா அந்தத் தொரை சண்ட போடுறாரு?”

ஆமாம்ப்பா என்றேன்.

இன்னொரு பிளேன்டீ சொன்னார். அவர் இரண்டாவது பிளேன்டீ சொல்லி நான் பார்த்ததே இல்லை. 303 எடுக்க வேண்டிய ஆட்டம், மஹேல 120 அடித்தார், கடைசி விக்கெட் கையில் இருக்க வென்றோம். முன்கோபத்தால் ரணதுங்க விளையாட்டைக் கெடுத்தார் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எழுதட்டும். அந்தக் கடையில் இருந்த யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

2011 உலகக் கிண்ண அரையிறுதியில் சொந்த மண்ணில் முரளி போட்ட கடைசிப் பந்தில் ஸ்கொட் ஸ்டைரிஸ் எல்பிடபிள்யூ ஆனார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

*

மட்டக்களப்பிலிருந்து

நான் ஓட்டோ ஓடுகிறவன், என் கதை சின்னது. 2022 செப்டம்பர் 11, துபாயில் ஆசியக் கிண்ண இறுதி, பாகிஸ்தானோடு. நம் நாட்டில் நடந்திருக்க வேண்டிய தொடர், பொருளாதாரம் இருந்த நிலைமையில் அங்கே போய்விட்டது. முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானிடம் 105க்குச் சுருண்ட அணி எப்படியோ இறுதிக்கு வந்திருந்தது. பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் போனில் பார்த்தேன். 58க்கு 5 ஆனதும் டேட்டாவாவது மிஞ்சட்டும் என்று அணைத்துவிட்டேன். இரவு வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் கத்துகிறார்கள், பானுக ராஜபக்ஷ 71, 23 ஓட்டத்தால் கிண்ணம் நமக்கு என்று. அதே நாள் சிங்கப்பூரில் வலைப்பந்தாட்டக்காரிகளும் ஆசியக் கிண்ணம் எடுத்தார்கள், நம் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய அணி. அதை யார் பேசுகிறார்கள்?

நான் பார்க்காததால்தான் வென்றது என்று மனைவி முடிவுகட்டிவிட்டாள். அடுத்த மாதம் உலகக் கிண்ணத்தில் நமீபியாவோடு முதல் ஆட்டம். அவள் சொல்கேட்டுப் பார்க்காமலே இருந்தேன். 55 ஓட்டத்தால் தோற்றார்கள், நமீபியாவிடம்! இப்போது என் இஷ்டத்துக்குப் பார்க்கிறேன்.

*

வவுனியாவிலிருந்து

ஆண்கள் அணியையே எல்லாரும் எழுதுகிறீர்கள். 2024 ஜூலை 28, தம்புள்ள. பெண்கள் ஆசியக் கிண்ண இறுதி. பஸ் பிடித்துப் போனோம், நானும் என் பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேரும். இந்தியா 165. சமரி அத்தபத்து 61 அடித்து ஆட்டமிழந்ததும் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. அவர் போனால் அவ்வளவுதான் என்று எத்தனையோ வருஷம் பார்த்துப் பழகிய ஆட்கள். ஹர்ஷிதா சமரவிக்ரம 69, ஆட்டமிழக்கவில்லை. எட்டுப் பந்து மிச்சம். அந்தக் குடும்பம் எந்தச் சந்தியில் செய்தி கேட்டதோ தெரியாது.

*

கொட்டாஞ்சேனையிலிருந்து

எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். தன் கதையில் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று கோபம் அவனுக்கு. சரி, மிச்சத்தையும் சொல்கிறேன்: 2024 ஆகஸ்ட் 4, அதே பிரேமதாச, அதே இந்தியா, ஒருநாள் ஆட்டம். இந்தியா விக்கெட் இழப்பின்றி 97. காயப்பட்ட ஹசரங்கவுக்குப் பதிலாக வந்த ஜெஃப்ரி வென்டர்சே அதற்குப் பிறகு 33 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுத்தார். வென்றோம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து, முடியும்வரை அவன் இருக்கையை விட்டு எழும்பவேயில்லை.

கொடிகாமத்து அண்ணை, அந்தச் சைக்கிள் என்னவாயிற்று என்று கேட்கச் சொல்கிறான்.

*

தென்மராட்சியிலிருந்து

தம்பிக்குச் சொல்லுங்கள். அடுத்த மாதமே ஆமி தென்மராட்சிக்கும் வந்துவிட்டது, நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அம்மா பின்கரியரில், கைபிடியில் இரண்டு பை. ரேடியோ மாமாவுடையது, அதை அவரிடமே விட்டுவிட்டோம். டைனமோவைக் கழற்ற மறந்து அப்படியே கொண்டுவந்துவிட்டேன். வழி முழுக்க அது பின்சில்லில் உரசிக்கொண்டே வந்தது.