'காஸி' படம் பார்த்தவர்கள், குர்சுரா நீர்மூழ்கிக்குள் போனவர்கள்: உங்கள் அனுபவம்?

நகரிக்காரன்:
பாகிஸ்தானுடனான 1971 போரில் விசாகப்பட்டினம் பக்கம் மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கிதான் காஸி. அதை வைத்து எடுத்த 'காஸி' படம் 2017 பிப்ரவரியில் வந்ததும் புத்தூரில் தெலுங்கிலேயே பார்த்தேன். எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. டப்பிங்குக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது. கடைசியில் நம் நீர்மூழ்கிக்குள் ஜன கண மன பாடுகிறார்களே, அப்போது தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் எழுவதா வேண்டாமா என்று பக்கத்து சீட்டைப் பார்த்தார்கள். கதைக்குள் வரும் தேசிய கீதத்துக்கு எழ வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த வாரம்தான் சொல்லியிருந்தது. எங்களுக்கு அது வந்து சேரவில்லை. நானும் எழுந்தேன், மடியில் இருந்த முறுக்கெல்லாம் தரையில்.

வெளியே வரும்போது நம் நீர்மூழ்கிதான் காஸியை மூழ்கடித்தது என்று முழுசாக நம்பினேன்.

அடுத்த வருடம் மச்சான் வீட்டு விசேஷத்துக்காக விசாகப்பட்டினம் போனோம். ஆர்.கே. பீச்சில் கரையேற்றி நிறுத்தியிருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்க்காமல் வர முடியுமா? படத்தில் ஹீரோ ராணா நீர்மூழ்கிக்குள் நிமிர்ந்து நடக்கிறார். நான் முதல் வட்டக் கதவிலேயே மண்டையை இடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து 91 மீட்டர் நீளம், உள்ளே ஆள் ஒதுங்க இடமில்லை.

சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். "காஸியை அடிச்சது இதுதானா சார்?" என்றேன். சிரித்துவிட்டார். 1971 போரில் குர்சுரா அரபிக் கடலில் இருந்ததாம். காஸியை அடித்தது ராஜ்புத் என்ற போர்க்கப்பல் என்பதுதான் நம் கடற்படையின் கணக்கு. தண்ணீருக்கடியில் போய் வெடிக்கும் ஆழ்வெடிகளைப் போட்டது அது. பாகிஸ்தான் அதை ஏற்கவில்லை, காஸியே கடலில் விதைத்த கண்ணிவெடியோ உள்ளே நடந்த வெடிப்போதான் காரணம் என்கிறது. "நீங்க எதை நம்புறீங்க?" என்று விடாமல் கேட்டேன்.

"அடுத்த கதவு, தலையைக் குனிங்க" என்றார்.

தடாவிலிருந்து:
அண்ணே, காஸி தேடி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை. அதை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, ராஜ்புத்தை விக்ராந்த் மாதிரி வயர்லெஸ்ஸில் பேச வைத்தார்கள். அந்த வேலையைச் செய்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அதையே படமாக எடுத்திருந்தால் நான் இரண்டு தடவை போயிருப்பேன். ஒரு சுடுகுண்டு கூட வேண்டாம், வெறும் பேச்சிலேயே கதை ஓடும்.

சித்தூர் அத்தை மகன்:
நாங்கள் டிவியில் பார்த்தோம். முடியும்போது அத்தை கேட்டாள்: "அந்தக் கப்பல்ல இருந்த பசங்கள்ல யாருமே கரைக்கு வரலையாடா?" காஸியில் 90 பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருத்தரும் தப்பவில்லை, கப்பல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, சாப்பிட வா" என்று எழுந்து போனாள்.