நூலகத்துக்கு மின்னூல்: இரண்டாண்டு உரிமத்துக்கு இவ்வளவு விலை ஏன்?

நாகலூர் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காடு மலையில் ஒரு சிறிய நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேகம் சன்னல் வழியே உள்ளே வந்துபோகும் கட்டடம் அது. கீழ்த்தட்டுப் புத்தகங்களின் அட்டையில் ஆண்டுதோறும் பூஞ்சணம் பூக்கும், ஒட்டிய பசையை இராமபாணப் பூச்சி அரித்துவிடும், வெயில் அடிக்கும் முதல் நாளில் நூலகர் அவற்றைத் திண்ணையில் விரித்து உலர்த்துவார். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, உறுப்பினர்களிடமும் காப்பித் தோட்டக்காரர் சிலரிடமும் திரட்டிய 24,000 ரூபாயில் கைக்கணினி ஒன்றும் மின்னூல்களும் வாங்கித் தர முடிவு செய்தோம்.

விலை விசாரித்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. தனி வாசகர் 400 ரூபாய்க்கு வாங்கும் ஆங்கில நாவலுக்கு, நூலகம் என்றவுடன் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அதுவும் இரண்டு ஆண்டுக்குத்தானாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாமாம். தாளும் அச்சும் லாரி வாடகையும் இல்லாத ஒன்றுக்கு ஏன் இந்த விலை? எங்களில் ஒருவர் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில், தம் சொந்தக் கணக்கில் நூல்களை வாங்கி, கருவியை நூலகத்தில் வைத்துவிட்டால் என்ன?

அம்மாப்பேட்டை, ஓய்வு பெற்ற நூலகர்:

ஐயா, அந்தத் தொகையைக் குத்தகைப் பணம் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். அச்சு நூலை ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால், புழக்கத்துக்கு வந்துவிட்ட அந்தப் படியை மேற்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்பதில் பதிப்பாளருக்கு உரிமை இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு இடமளிப்பதால்தான் நாம் யாரையும் கேட்காமல் இரவல் கொடுக்கிறோம். மின்னூலிலோ படி எதுவும் கைமாறுவதில்லை. உரிமம் மட்டுமே வருகிறது, அதன் நிபந்தனைகளை எழுதுவதும் பதிப்பகமே.

இது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்னூலை 26 முறைதான் இரவல் தரலாம், பிறகு மறுபடி வாங்க வேண்டும் என்றது. ஆளுக்கு இரண்டு வாரம் என்று கணக்கிட்டால் அது சரியாக ஓராண்டு. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 2018 அக்டோபர் வரை காலவரம்பின்றிக் கொடுத்துவந்ததை நிறுத்தி இரண்டாண்டு உரிமத்துக்கு மாறியது. மேக்மில்லன் 60 டாலர் வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டு அல்லது 52 இரவல், எது முன்னே வருகிறதோ அதோடு முடிந்தது என்றது. இதுவும் அதே இரண்டு வாரக் கணக்குத்தான். 52 பேரும் எடுத்தால் ஓர் இரவலுக்கு ஒரு டாலருக்குச் சற்றே மேல் ஆகும். உங்கள் மலை நூலகத்தில் எட்டுப் பேர் மட்டும் எடுத்தால் ஏழரை டாலர். பெருநகர நூலகத்தைவிடச் சிறிய நூலகத்தையே இந்த முறை அதிகம் அடிக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அச்சு நூலும் தேய்ந்து கிழியும், அதற்கு ஈடாகத்தான் இந்த வரம்பு என்று ஒரு வாதம் உண்டு. திருப்பித் தர வேண்டிய நாளைக் குறிக்கும் தேதித்தாளை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டிய பிறகும் தையல் பிரியாத புத்தகங்களை என் கையால் வழங்கியிருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பதிப்பாளர்:

மூத்த நூலகர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு நூலின் விலையில் தாளும் அச்சும் ஒரு பங்குதான். எழுத்தாளருக்கு உரிய தொகை, மெய்ப்பு, வடிவமைப்பு எல்லாம் மின்னூலுக்கும் உண்டு. தமிழில் முதற்பதிப்பு சில நூறு படிகளைத் தாண்டுவதே அரிது என்ற நிலையில், என் போன்றோருக்கு நூலக ஆணைதான் மூச்சுக்காற்று. சேலத்தில் நாம் கட்டும் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. அந்தப் பணத்தில் நூல் வாங்கும்போது ஃபாரம் கணக்கில், அதாவது 16 பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தே பழகிவிட்டோம். மின்னூலுக்கு ஃபாரமும் இல்லை, பக்கமும் நிலையாக இல்லை. எதை வைத்து விலை சொல்வது?

வரியையும் பாருங்கள். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மின்னூலுக்கு, அதன் அச்சுப்பதிப்பு இருந்தால் 5 சதவீதம், இல்லாவிட்டால் 18 சதவீதம். படிக்கும் எழுத்து ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கன்னங்குறிச்சி, நூலக அறிவியல் மாணவி:

கிண்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கேயும் நூல் விற்கப்படுவதில்லை, உரிமம்தான் வழங்கப்படுகிறது. அதுவும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு. நூலக மேசையில் வைத்துப் பொதுமக்களுக்குக் கொடுப்பது அந்த ஒப்பந்தத்தை மீறுவதாகும். கையில் உள்ள அச்சு நூலை வருடி (ஸ்கேன் செய்து) வைத்துக்கொள்ள, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பொது நூலகங்களுக்கு இடமளிக்கிறது என்றாலும், அது பாதுகாப்புக்காகத்தான். அப்படி வருடிய படியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்று இணையத்தில் இரவல் கொடுத்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம், அமெரிக்க மேல்முறையீட்டிலும் 2024 செப்டம்பரில் தோற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ 2016இல், ஒரு படிக்கு ஒருவர் என்ற முறையில் மின்னூலையும் இரவல் தரலாம் என்று தீர்ப்பளித்தது. நூலகங்களுக்கு நியாயமான நிபந்தனையில் மின்னூல் தர வேண்டும் என்று மேரிலாந்து மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம் மறு ஆண்டே நீதிமன்றத்தில் விழுந்தது. மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் உங்களுக்கு உதவாது. அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கான ஆய்விதழ்த் திட்டம்.

தமிழ் நூல்களில் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் ஏராளமாகத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலும் பழைய நூல்களைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்த நூல்களுக்குப் பதிப்புரிமை இல்லை. இவற்றுக்கு உரிமமும் வேண்டாம், புதுப்பித்தலும் வேண்டாம்.

நாகலூர் வாசகர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வட்டத்தில் பேசினோம். புதிய நாவல்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் அச்சிலேயே வாங்குகிறோம். கைக்கணினியில் உரிமச் சிக்கல் இல்லாத நூல்களை மட்டும், கீழே சேலத்திலேயே பதிவிறக்கி ஏற்றிக்கொண்டு வருகிறோம், ஏனென்றால் எங்கள் ஊரில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். மீதிப் பணத்தில் கதவு இறுக மூடும் இரும்பு அலமாரி ஒன்று. அதற்குள் அந்துருண்டை போடலாமா என்று நூலகர் கேட்கச் சொன்னார்.

அம்மாப்பேட்டை, ஓய்வு பெற்ற நூலகர்:

போடலாம், துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், அட்டையில் நேராகப் படக் கூடாது. பூஞ்சணத்துக்கு அது மருந்தாகாது, பூச்சிக்கு மட்டும்தான். அலமாரியைச் சுவரோடு ஒட்டிவிடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்; வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.