மகளைக் கூட்டிக்கொண்டு ஈரோடு போகலாமா? அவர் விடமாட்டேன் என்கிறார்

முருகேஷ்பாளையத்துக்காரி:
சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்தாகி நான்கு வருஷம். மியூச்சுவல்தான், சண்டையெல்லாம் அதற்கு முன்பே போட்டு முடித்தாயிற்று. மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கஸ்டடி என்னிடம். அவருக்கு இரண்டாவது, நான்காவது சனி ஞாயிறு, அப்புறம் கோடை விடுமுறையில் பாதி. மாதம் 18,000 தருகிறார், ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை, எப்படியும் யாராவது கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் பெங்களூர் பெள்ளந்தூரில். டேகேர் ஏழு மணிக்கு மூடிவிடும். மழை பெய்தால் அவுட்டர் ரிங் ரோடு என்ன ஆகும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் ஒருநாள் நான் போய்ச் சேரும்போது எட்டே கால். வாசலில் வாட்ச்மேன் தாத்தா பக்கத்தில், பையை முதுகில் மாட்டியபடியே உட்கார்ந்து, அவருடைய டிபன் பாக்ஸில் இருந்த ராகி முத்தெக் களியை அவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, இதை மெல்லக் கூடாதாம், அப்படியே முழுங்கணுமாம்" என்றாள். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ஈரோட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள். ஆபீஸிலும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சம்மதித்துவிட்டார்கள், மாதம் இரண்டு நாள் வந்தால் போதும். அவரிடம் சொன்னேன். "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நான் செய்வது தப்பா?

இரண்டாம்சனி:
தப்புதான் அக்கா. கோபப்படாதீர்கள், நான் அந்தப் பக்கத்து ஆள். மகனுக்குப் பத்து வயது, எனக்கும் அதே இரண்டாவது, நான்காவது சனிதான், பெயரைப் பார்த்தாலே தெரியும். இந்திராநகரில் ஒரு தர்ஷினி ஓட்டல் வாசலில்தான் அவனை என்னிடம் விடுவார்கள். சனிக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருப்பான். இன்னொரு தோசை போடவா என்றால் "போதும், பரவாயில்லை" என்பான். மதியம் மூன்று மணிக்கு மேல்தான் "அப்பா, பசிக்குது" என்று அவனாக வந்து நிற்பான். ஞாயிறு நான்கு மணிக்கு மறுபடியும் ஷூ. நடுவில் இருக்கும் அந்த ஒரு நாள்தான் எனக்குக் கிடைப்பது. 260, 270 கிலோமீட்டர் பயணம் செய்து வருகிற பிள்ளைக்கு அந்த மூன்று மணி எப்போது வரும், சொல்லுங்கள்? உங்களுக்கு அவர் பணமும் ஒழுங்காகத் தருகிறார். என்ன குற்றம் செய்தார் அந்த மனிதர்?

குடும்பஸ்தன்_62:
கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால் இதெல்லாம் தேவையா அம்மா? எங்கள் காலத்தில் இப்படியா?

முருகேஷ்பாளையத்துக்காரி:
சார், உங்கள் காலத்தில் யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று வீட்டில் அம்மாவைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

தம்பி இரண்டாம்சனி, அவர் குற்றவாளி என்று நான் எங்கே சொன்னேன்? நல்ல அப்பாதான், மாதம் நாலு நாள். மீதி நாளெல்லாம் காய்ச்சல், பேன், புராஜெக்ட் சார்ட் பேப்பர், இரவு பதினொரு மணிக்கு நினைவு வரும் மாறுவேடப் போட்டி, எல்லாம் நான்தானே?

வாய்தா:
குடும்ப நீதிமன்றம் இருக்கும் நியாய தேகுல கட்டடத்தில் பதினாறு வருஷமாகக் கேஸ் கட்டு சுமக்கும் வக்கீல் குமாஸ்தா நான். இரண்டு பேருமே "என் உரிமை" என்று பேசுகிறீர்கள். கோர்ட் அப்படிப் பார்க்காது. 1956ஆம் வருஷத்து இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்று இருக்கிறது. உங்கள் பெண் அதைத் தாண்டிவிட்டாள். அதே பிரிவில் இயற்கைக் காப்பாளர் தகப்பன், "அவருக்குப் பின்" தாய் என்றும் இருக்கிறது. அந்த "பின்" என்பது அவர் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 13ஆவது பிரிவுதான் கடைசியில் நிற்கும், அதாவது பிள்ளையின் நலன்.

அம்மா, டிகிரியில், அதாவது விவாகரத்துத் தீர்ப்பாணையில், சனி ஞாயிறு என்று எழுதியிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள், வீணாக அவர் கைக்கு நீங்களே கம்பு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். இந்து திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் மனுப் போட்டால் விசிட்டேஷனை, அதாவது அவர் பிள்ளையைப் பார்க்கும் நாட்களை, மாற்றி எழுதலாம், டிகிரி முடிந்த பிறகும் முடியும். வேலைக்காகப் பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் போன தாயோடு பிள்ளையும் போகலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே விட்டிருக்கிறது. தகப்பனுக்கு விடுமுறை நாட்களும் வீடியோ காலும். ஈரோடு அவ்வளவு தூரமில்லை.

இரண்டாம்சனி:
சார், பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்களே. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் 9ஆவது பிரிவு? பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். இரண்டு வருஷம் கழித்து அந்த அப்பா காப்பாளர் மனுப் போட வேண்டுமானால் ஈரோட்டுக்கு அலைய வேண்டும். இதே கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல் ஜனவரி முதல் ஜூன் வரை அப்பா, ஜூலை முதல் டிசம்பர் வரை அம்மா என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. சட்ட ஆணையம் 2015இல் 257ஆவது அறிக்கையில் கூட்டுக் கஸ்டடி வேண்டும் என்றது. அதெல்லாம் எங்கே போயிற்று?

வாய்தா:
9ஆவது பிரிவு சரிதான் தம்பி. அது புதிதாகப் போடும் காப்பாளர் மனுவுக்கு. 26ஆவது பிரிவு மனு, டிகிரி கொடுத்த கோர்ட்டிலேயே வரும். அறிக்கை இன்னும் அறிக்கையாகத்தான் இருக்கிறது, சட்டமாகவில்லை.

முருகேஷ்பாளையத்துக்காரி:
ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்றால் பிள்ளையா, வாடகைக்கு விட்ட வீடா?

அல்சூர்_பேரன்:
நான் அந்தப் பிள்ளை. இப்போது வயது முப்பத்தொன்று. ஆறு வயதில் அல்சூரிலிருந்து வேலூருக்குத் தாத்தா வீட்டுக்கு அம்மா கூட்டிப்போனார். முதல் வருஷம் அப்பா மாதா மாதம் வந்தார், அடுத்த வருஷம் மூன்று தடவை. தூரம், பஸ், லீவு என்று காரணம் சொன்னார். பிறகு அவருக்கு ஆம்பூருக்கே மாற்றல் வந்தது. வேலூரிலிருந்து ஒரு மணி நேரம். அப்போதும் வரவில்லை. அதனால் தூரத்தைப் பற்றி அளக்கும் அப்பாக்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆனால் அக்கா, உங்களுக்கும் ஒன்று. தாத்தா வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. வருகிற அத்தை, பெரியம்மா எல்லோரும் என் தலையைத் தடவி "பாவம்" என்பார்கள், அப்புறம் எனக்குக் காது கேட்காது என்பது போல அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள். பெங்களூரில் எங்களை யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் பாவம் பார்க்கவும் இல்லை.

இரண்டாம்சனி:
உங்கள் அப்பா வேறு, நான் வேறு. அவர் வராததற்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? மழையில் கே.ஆர்.புரம் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டு பைக்கை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போயிருக்கிறேன், அரை மணி நேரம் தாமதமானால் அந்தச் சனியே போய்விடும் என்று.

அல்சூர்_பேரன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.

முருகேஷ்பாளையத்துக்காரி:
இரண்டு நாளாக எழுதவில்லை. "பாவம்" என்று அந்தத் தம்பி எழுதியது மண்டைக்குள்ளேயே நின்றது. என் பெரியம்மா ஒருத்தி போதும், மூன்று தலைமுறைக்குப் பாவம் பார்ப்பாள்.

இன்னொன்றை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் கோலார் தங்கவயல்காரர். வீட்டில் தமிழ், படித்தது கன்னடத்தில். நான் ஈரோட்டுக்காரி, எனக்குக் கன்னடத்தில் பஸ் போர்டு படிக்கவே வராது. அதனால் செவ்வாய், வியாழன் இரவு எட்டு மணிக்கு மகளின் கன்னட ஹோம்வொர்க் அவரோடு வீடியோ காலில்தான். ஒத்தக்ஷரம் என்கிற கூட்டெழுத்து வந்தால் அரை மணி, சண்டை வந்தால் ஒரு மணி. நான் அந்த நேரத்தில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருப்பேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்து தெரியாது. அங்கே நாலாம் வகுப்பில் அ ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் பெரிய பாரமாக நினைத்தது அதைத்தான்.

நேற்று அவளிடம் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். தாத்தா, கிணறு, நாய்க்குட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்புறம் கேட்டாள், "அங்கே கன்னடம் இல்லைன்னா அப்பா எதுக்கு போன் பண்ணுவார்?"

போவதில் மாற்றமில்லை. இந்த டேகேரும் ரிங் ரோடும் இன்னொரு மழைக்காலத்துக்கு என்னால் முடியாது. ஆனால் மார்ச்சில் பரீட்சை முடிந்த பிறகுதான், அதற்குள் மீடியேஷனில், சமரசப் பேச்சில், உட்காரலாம் என்று அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். வந்தே பாரத் ஈரோட்டில் நிற்கிறது, மாதம் ஒரு தடவை நானே கொண்டுவந்து விடுகிறேன், ஒரு தடவை அவர் அங்கே வரட்டும். இதுவரை பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

வாய்தா சார், அந்த மனுவில் வாரம் இரண்டு நாள் வீடியோ காலையும் எழுத வைக்கலாமா? கன்னடமோ தமிழோ, ஏதோ ஒன்று.

இரண்டாம்சனி:
இரண்டு நாள் போதாது அக்கா. தினமும் கேளுங்கள். அவர் சார்பில் நான் கேட்கிறேன்.

வாய்தா:
தாராளமாக எழுதலாம் அம்மா. ஆனால் "மாலையில்" என்று எழுதாதீர்கள், மணியைப் போடுங்கள். மாலை என்றால் ஆறா எட்டா என்று மூன்று வாய்தா ஓடிய கேஸ் இப்போதும் என் கட்டுக்குள் கிடக்கிறது.